நியூட்ரல் நாச்சிமுத்து மலையிறங்கிய வரலாறு

டிசம்பர் 3, செவ்வாய்

வால்பாறைக்கும் ஆழியாறுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் சாட்சியாக, அந்த வளைவுகளில் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களிடம் வரி வசூலிக்கும் குரங்குகள் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். பெரிய மனிதர்களின் வரலாறு எதைத்தான் பக்கத்துத் தெருக்காரன் நம்பியிருக்கிறான்?

நான் நாச்சிமுத்து. அறுபத்து நான்கு வயது. எஸ்டேட் ஸ்டோரில் உர மூட்டைகளையும் மண்வெட்டிகளையும் முப்பது வருஷம் அரசாண்டு ஓய்வுபெற்றவன். வால்பாறையில் எல்லோருக்கும் மாமா. ஜீப் ஸ்டாண்டில் மட்டும் எனக்கு இன்னொரு பட்டம் உண்டு: நியூட்ரல் நாச்சிமுத்து. கவர்க்கல் தாண்டி இறக்கம் தொடங்கியதும் என் ஜீப்பை நியூட்ரலில் தள்ளிவிட்டேன் என்றால், ஆழியாறு செக்போஸ்ட் வரை இஞ்சினுக்கு ஓய்வு. சத்தமே இருக்காது. அன்னம் மிதந்து வருகிறது என்று வனத்துறைக்காரர்கள் கணக்கில் எழுதிக்கொண்டதாகக் கேள்வி. கீழே போய் டேங்கைத் திறந்து பார்த்தால், மேலே இருந்ததைவிட அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாக இருக்கும்.

அந்த ஜீப் மூன்று மாதமாகத் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. செப்டம்பரில் கோயமுத்தூரில் ஒரு மாளிகையில் சில நாள் தங்கியிருந்தேன். வெள்ளுடை அணிந்த பெண்கள் ராத்திரி பகல் பாராமல் கையில் ஊசியோடு பணிவிடை செய்தார்கள். கிளம்பும்போது அங்கிருந்த பெரிய டாக்டர் என் இடது காலைப் பார்த்து அசந்துபோய், "இனி நீங்க கிளட்ச் மிதிக்கக் கூடாது" என்றார். இத்தனை பலமுள்ள காலை ஒரு சாதாரண கிளட்சுக்குச் செலவழிப்பதா என்ற கரிசனம்தான். வலது கால் சராசரி. அதனால் ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டலாமாம்.

இன்று தங்கை நாகமணி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் புருஷனும் வருகிறார்களாம். "ஒரு முடிவு எடுக்கணும்ணா" என்றாள். முடிவு எடுப்பவன் நான். அவர்கள் எடுத்துக்கொண்டு வருகிறார்களாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

எதிரி வந்து இறங்கிவிட்டான். மன்னிக்கவும், இறங்கிவிட்டார். தங்கை புருஷன் என்பதால் 'ங்க' போடாமல் அவரைத் திட்டவும் முடியாது. முப்பத்தொரு வருஷமாக இந்த ஆளை மரியாதையோடு வெறுத்து வருகிறேன். நாக்கு தேய்ந்துவிட்டது.

பெயர் தெய்வசிகாமணி. பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில். பெயரில் தெய்வம் இருக்கிறதே தவிர, ஆளிடம் இல்லை. வந்தது ஒரு வெள்ளைக் கார். கிளட்ச் கிடையாது. நடுவில் ஒரு குச்சி, பக்கத்தில் எழுத்துகள்: பி, ஆர், என், டி, அப்புறம் டூ, எல். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருப்பதைப் பிடுங்கி வந்து வண்டிக்குள் ஒட்டியிருக்கிறார்கள்.

காபி குடித்து முடிப்பதற்குள் நிபந்தனை வந்தது.

"மச்சான், சுத்தி வளைக்காம சொல்லிப்போடறனுங்க. ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒருக்கா நீங்க கீழ போயே ஆவோணும். பஸ்ல ஏறி எறங்க உங்களால ஆவாது. வண்டி ஓட்டோணும், இல்லாட்டி எங்ககூட வந்துரோணும். மாடியில ரூம் காலியாத்தான் இருக்குது."

"அந்த ரூம்ல தேங்கா மூட்டை இருக்குதுங்களே மாப்ள."

"மூட்டைய எடுத்துட்டு உங்களைப் போட்டுக்கறனுங்க."

நாகமணி குறுக்கே வந்தாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் காருல ரெண்டு வாரம் பழகுங்க. நாங்களும் இங்கயே இருக்கறோம். மில்லைப் பையன் பாத்துக்கறான். இருபத்திரெண்டாந் தேதி நீங்களே ஓட்டிட்டு ஆழியாறு எறங்குங்க. ஒழுங்கா எறங்கிட்டா நீங்க இங்கயே இருங்க, காரும் உங்களுக்கு."

"ஒழுங்கான்னா யாரு சொல்றது?"

"சக்கரம் சொல்லும்" என்றார் எதிரி. "செக்போஸ்ட்ல நிறுத்துனதும் நான் எறங்கி முன் சக்கரத்து நடுவுல கைய வெப்பனுங்க. பிரேக்கை மிதிச்சே எறக்கியிருந்தீங்கன்னா அடுப்பாட்டச் சுடும். சுட்டா, அப்படியே பொள்ளாச்சி. வீட்டுக்குக்கூடத் திரும்பக் கூடாது. துணிமணி பொறகு வரும்."

மலையில் இது பழைய வழக்கம்தான். லாரிக்காரர்கள் கீழே வந்ததும் சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்ப்பார்கள். கையைச் சுட்டால் ஓட்டத் தெரியாதவன். என்னுடைய டிரம்மை ஒருத்தனும் தொட்டுப் பார்த்ததில்லை. பட்டம் பெற்றவனைப் பரீட்சை எழுதச் சொல்வார்களா?

"சரிங்க மாப்ள" என்றேன். இருபத்திரெண்டு வருஷமாக இந்த வீட்டில் மேகம் ஜன்னல் வழியாக வந்து என் காபியில் சர்க்கரை போட்டுவிட்டுப் போகிறது. அதை விட்டுவிட்டு நார் தூசிக்குள் போய் உட்காருவதா?

டிசம்பர் 9, திங்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் முதல் பாடம். இரண்டே பெடல். "எடது காலுக்கு வேலையே இல்லீங்க. மடக்கி ஓரமா வெச்சிருங்க" என்றார். கையால் தூக்கி ஓரமாக வைத்தேன். நாகமணி வேறு பக்கம் பார்த்தாள்.

வண்டி நகர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, எருமை மாதிரி நல்லபடியாகத்தான் நகர்ந்தது. பத்தடி போனதும், நாற்பது வருஷப் பழக்கத்தில் கிளட்ச் மிதிக்க இடது கால் தானாகப் போய்விட்டது. அங்கே இருந்தது பிரேக். எவ்வளவு மிதிக்கிறோம் என்று அந்தக் காலுக்குத் தெரிவதில்லை, அத்தனை பலம். வண்டி நின்ற வேகத்தில் பூமி சுற்றுவது ஒரு கணம் நின்றது. பின்சீட்டில் நாகமணி மடியில் இருந்த முறுக்கு டின் பறந்து வந்து எதிரியின் பிடரியில் விழுந்தது.

இந்த வண்டியில் முதல்முறையாக ஒரு நல்ல அம்சத்தைக் கண்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

எதிரியின் குறட்டை. மேல் எஸ்டேட்டில் யானை என்று நினைத்துப் பட்டாசு வெடித்தார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

இன்று முதல் இறக்கம். கவர்க்கலில் பனி அப்படி இருந்தது, ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கத்தியை எடுத்து வெட்டிக்கொண்டு போகலாம் போல. குச்சி டி-யில் இருந்தது. இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. லேசாக பிரேக்கைத் தொட்டேன்.

உறுமியது.

நான் எதுவும் செய்யவில்லை. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. இஞ்சின் தானாகவே, வாலை மிதித்த நாயைப் போல, என்னைப் பார்த்து உறுமியது. வண்டி, பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்துப் பிடித்த மாதிரி தயங்கியது.

"வண்டி கெட்டுப்போச்சுங்க மாப்ள. வித்தவன் ஏமாத்திப்போட்டான்."

"கெடலீங்க. எறக்கத்துல பிரேக்கைத் தொட்டீங்கன்னா அதுக்குப் புரிஞ்சுக்கும். தானாக் கீழ் கியருக்குப் போயிருது. இப்ப சக்கரம் இஞ்சினைச் சுத்தோணும், அது சுலபமாச் சுத்துங்களா? அதான் இழுத்துப் புடிக்குது. செங்குத்தா இருந்தா நீங்களே குச்சியை டூவுக்கோ எல்லுக்கோ இழுத்துக்கோணும். பிரேக்கு வேலையில பாதிய இஞ்சினே பாத்துரும்."

"என்ற வண்டியில இஞ்சின் கம்முனு இருக்கும். நியூட்ரல்ல."

எதிரி சிரித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டாம் தடவை. முதல் தடவை என் பூனை ஓடிப்போனபோது.

"எதுக்குங்க மச்சான் நியூட்ரல்?"

"பெட்ரோல் மிச்சம்."

அவர் ஸ்டீயரிங்கின் பின்னால் ஒளிர்ந்த சின்னத் திரையைக் காட்டினார். வண்டி அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று அதில் தெரியுமாம். கியரில் இறங்கும்போது சைபர். "இப்ப நியூட்ரல்ல விட்டீங்கன்னா இஞ்சின் நிக்காம இருக்கறதுக்காச்சும் பெட்ரோல் குடிக்கோணும். கியர்ல எறங்குனா சக்கரமே சுத்தி விட்டுருது, சொட்டு வேண்டாம். இந்தக் காலத்து வண்டி அத்தனையும் இப்படித்தானுங்க."

அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைபர். சைபர். சைபர். ஜீப் ஸ்டாண்டில் நான் வாங்கிய பட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒற்றை எண்.

"ரோட்டப் பாருங்க மச்சான்! ரோட்ட!"

டிசம்பர் 13, வெள்ளி

எதிரியோடு பேச்சில்லை. சட்னியில் உப்பு இல்லை என்பதையும் நாகமணி மூலமாகவே அறிவித்தேன். "உப்பு ரத்தக் கொதிப்புக்கு ஆவாதுன்னு சொல்லு" என்று அவரும் அவள் மூலமாகவே பதில் அனுப்பினார். இடையில் ஒரு மேஜை அகலம்தான் இருந்தது. நாகமணி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க" என்றாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

எல். இந்த எழுத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் வெறுப்பவனுக்குத்தான் எதிரியின் பலம் தெரியும், ஆகவே வரலாற்று நேர்மையோடு பதிகிறேன்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அப்புறம் குச்சியை டூவுக்கு இழுக்க வேண்டும். இஞ்சின் ஓலமிடும். விட்டுவிட வேண்டும். பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் வண்டி பிடித்து நிற்கிறது. கொண்டை ஊசியில் எல். அப்போது வண்டி, தாய்க்காரி கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி, விருப்பமில்லாமல் ஆனால் பத்திரமாக நடக்கிறது. எப்போதாவது ஒரு தொடுதல், அவ்வளவுதான் பிரேக். ஓட்டிக்கொண்டே இருந்தால் சத்தம்கூடப் பழகிவிடுகிறது. (இந்த வாக்கியத்தை எதிரி படிக்க நேர்ந்தால் மறுப்பேன்.)

"இப்பத்தானுங்க வருது" என்றார் அவர். அதைச் சொல்லும்போது பல் வலி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அட்டகட்டியில் டீ குடிக்க இறங்கினேன். நாகமணிதான் கவனித்தாள். "அண்ணா, எடது கால் செருப்பு எங்க?" பார்த்தேன். இல்லை. வீட்டிலிருந்தே இல்லையா, வழியில் எங்கேயாவதா, தெரியவில்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, ஒரு சிங்கவால் குரங்கு ஓடுகிற காரின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, என் காலிலிருந்து உருவிக்கொண்டு, மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனதை விளக்கினேன்.

எதிரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். எதுவும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காதது.

டிசம்பர் 16, திங்கள்

நாகமணி பின்பக்கம் பட்டி வைத்த செருப்பு வாங்கி வந்து வாசலில் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. குரங்குகளின் தொல்லை இனி இருக்காது என்கிறாள்.

டிசம்பர் 18, புதன்

இனி பொறுக்க முடியாது. எதிரியின் குற்றங்கள்:

காலையில் வெந்நீரை முழுதும் தீர்த்துவிட்டு, "தண்ணி சித்தெ சூடு பத்தலீங்க" என்கிறார். என் நாற்காலியில் உட்காருகிறார். டிவியில் தேங்காய் விலை சொல்லும் நேரத்தில் யாரும் மூச்சு விடக் கூடாது. என் ரேடியோவைத் திருகி, பதினெட்டு வருஷமாக நகராத முள்ளை நகர்த்திவிட்டார்.

என் குற்றங்களை அவரும் சேகரித்துவருகிறார் போலிருக்கிறது. இன்று சமையலறையில் கிசுகிசுத்தது கேட்டது.

"ராத்திரி பூரா ரேடியோ. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஜன்னலெல்லாம் தொறந்துவிட்டுப்போடறாரு. எனக்கு நெஞ்சுல சளி. அப்பறம் எந்த நேரமும் ஒரு கதை. நேத்து சொல்றாரு, ஒரு சிறுத்தை இவருகிட்ட வழி கேட்டுச்சாம்."

"கம்முனு இருங்க. அண்ணனுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். இந்த மனுசன் நம்மூட்டுக்கு வந்தா…"

பாதியில் நிறுத்திவிட்டார். அந்தச் சிறுத்தை வழி கேட்டது உண்மை. நான் தவறாகச் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

மழை. வண்டி எடுக்கவில்லை. மூவரும் ஒரே அறையில். போர்க்கைதிகளுக்கு இதைவிட நல்ல விதிமுறைகள் உண்டு.

டிசம்பர் 21, சனி

நாளை.

அட்டகட்டி வரை போய்த் திரும்பினோம். ஒரு தப்பும் இல்லை. எதிரிக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வைப்பரைக் குறை சொன்னார். ராத்திரி சாப்பிடும்போது நாகமணி என் இலையில் இரண்டாவது பணியாரம் வைத்தாள். "தோத்தாலும் மேல் ரூம்ல ஜன்னல் பெருசு வெச்சுத் தாரன்ணா" என்றாள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கும் என்று கேட்டேன். "மில்லு" என்றாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

வரலாறு இங்கே தொடங்குகிறது. மெதுவாகப் படிக்கவும்.

வீட்டைப் பூட்டினேன். திரும்பி வருவேனா தெரியாது என்பதால், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். இடது காலைக் கையால் தூக்கி வண்டிக்குள் வைத்து ஓரமாக நிறுத்தினேன். எதிரி பக்கத்துச் சீட்டில். நாகமணி பின்னால், மடியில் தயிர்சாதத் தூக்குப்போசியோடு.

கவர்க்கலில் டூ. பனி விலகிக் கொடுத்தது. வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் எல். இஞ்சின் பாடிக்கொண்டே வந்தது. (பாட்டு என்று சொன்னதைத் திருத்துகிறேன்: ஒப்பாரி.) பின்னால் ஒரு திருப்பூர் கார் ஹார்ன் அடித்தது. அடிக்கட்டும். ஒதுங்கி வழிவிட்டேன். அந்த ஆள் கண்ணாடியை இறக்கி, "பெருசு, ஏர் ஓட்டறயா?" என்றான். நான் பேரரசர்கள் பதில் சொல்லும் விதத்தில், பதில் சொல்லாமல் இருந்தேன்.

வளைவுகளுக்கு மைல்கல்லில் எண் போட்டிருப்பார்கள். மேலிருந்து வர வரக் குறையும். பதினைந்து. பன்னிரண்டு. எதிரியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஜெயிக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

ஒன்பதாம் வளைவில் வியூ பாயிண்ட். ஆழியாறு அணை கீழே நீலமாக விரிந்து கிடக்கும். சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஏற்றி வந்த எங்கள் ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரும் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய்! நியூட்ரல் மாமா டோய்!"

கையை அசைத்தேன். எல்-லில் இஞ்சின் ஓலமிட்டது.

"என்னங்க மாமா, மாவு மில்லு வாங்கிட்டீங்களா?" என்றான் ஒருத்தன். "நெல்லு கொண்டாந்தா அரைச்சுத் தருவீங்களா?" என்றான் இன்னொருத்தன். சுவர் முழுதும் சிரித்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. என் கை செய்தது. குச்சியை முன்னால் தள்ளியது.

என்.

ஆஹா, அந்த மௌனம்! இஞ்சின் வாயை மூடிக்கொண்டது. காற்று மட்டும். வண்டி அன்னமாகச் சரிந்து வளைவில் திரும்பியது. பின்னால் விசில் அடித்தார்கள். மூன்று மாதத்தில் முதல்தடவையாக நான் யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த வளைவில் பிரேக் மிதித்தேன். பிடித்தது. அதற்கடுத்ததில் இன்னும் அழுத்தினேன். பிடித்தது. மூக்கில் ஒரு வாசம் ஏறியது, ரப்பரும் முடியும் சேர்ந்து கருகிய மாதிரி. மூன்றாவதில் அழுத்தியபோது பெடல் பஞ்சுமூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போனது. வண்டி நின்றபாடில்லை. எதிரே தடுப்புச் சுவர். சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று, இவன் வந்துவிட்டானா என்று பார்ப்பதுபோல் பார்த்தது.

"மச்சான்! மச்சானுங்க!" எதிரியின் குரல் உடைந்தது. சாகப்போகிற நேரத்திலும் 'ங்க' போட்டார், அது நிஜமான மரியாதை. "குச்சிய டி-ல போடுங்க! பிரேக்கையே அமுக்கிட்டு இருக்காதீங்க, விட்டு விட்டு மிதிங்க! இப்ப டூ!"

டி. அப்புறம் டூ. இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு விநாடியில் நான் பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்றேன். அப்புறம் அது உறுமியது. நான் வெறுத்த அதே உறுமல். வண்டி முழுதும் முன்பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் பின்னால் இழுத்தது. திரும்பினேன். பக்கவாட்டில் சுவர் உரசாமல் போனது. வரையாடு சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

எல். மிச்சமிருந்த வளைவுகளில் நடக்கிற வேகத்தில் இறக்கினேன். நாகமணி தூக்குப்போசியைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். எப்போது மூடினாள், என்ன பார்த்தாள், தெரியாது.

செக்போஸ்ட். ஓரமாக நிறுத்தினேன். பி.

"என்னமோ கருகற வாசம் வருதுங்" என்றாள் நாகமணி, கண்ணைத் திறந்து.

என் நாக்கு ஆயிரம் கதை தெரிந்த நாக்கு. அப்போது அதில் வந்து நின்றது எதிரி சொன்ன ஒரே வாக்கியம்: துணிமணி பொறகு வரும்.

"அக்கட்ட குப்பை கொளுத்தறாங்க" என்றார் எதிரி. கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி முன் சக்கரத்துக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். நாகமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்திலிருந்து அனல் ஏறி, காற்று நெளிவது எனக்கே தெரிந்தது.

உள்ளங்கையை விரித்து, சக்கரத்து நடுவில் அழுத்தி வைத்தார்.

எடுக்கவில்லை. கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. நாகமணியை நிமிர்ந்து பார்த்தார்.

"பச்சத்தண்ணியாட்ட இருக்குது" என்றார். "உங்கண்ணன் ஜெயிச்சுட்டாரு."

நாகமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தூக்குப்போசியைத் திறந்து, "தயிர்சாதம் ஆறிப்போகும்" என்றாள். ஆறிப்போக அதில் என்ன சூடு இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

எதிரி அதற்குள் எதிரே இளநீர்க் கடைக்குப் போய்விட்டார். ஒரு காயை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் நனைத்து, வலது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ராஜநடை.

"ஏனுங் மாப்ள?"

அவர் அணையைப் பார்த்தபடியே பேசினார். "நான் உங்க வீட்ல ரெண்டு வாரம் இருந்தனுங்க. ரேடியோ, ஜன்னலு, சிறுத்தை, எல்லாம் பாத்தாச்சு. நீங்க எம்பட வீட்டுக்கு வந்தா ரெண்டு வாரத்துல போவீங்களா? நான் சாவற வரைக்கும் இருப்பீங்க."

"கை வெந்துருச்சுங்களே."

"வெந்த கை ஆறிப்போகும். நீங்க மாடியில வந்து உக்காந்தா ஆறாதுங்க."

எனக்கு அவரை அடிக்கலாம் போலக் கோபம் வந்தது, அவர் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"இன்னொன்னு" என்றார். இப்போதுதான் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "எனக்கு ஒரே பொண்டாட்டி. அவளைப் பின்னால உக்கார வெச்சுக்கிட்டு எவனோ விசிலடிக்கறான்னு குச்சியத் தள்ளுனீங்களே. இன்னொருக்கா அந்த என்-மேல உங்க கை போச்சுன்னு என்ற காதுல விழுந்துச்சு, மேல ஏறி வந்து ஒடைப்பனுங்க. குச்சிய இல்லீங்க."

"சரிங்க" என்றேன். என் வாழ்க்கையில் அந்த ஆளுக்கு நான் கதை கலக்காமல் சொன்ன முதல் சொல் அதுவாக இருக்கலாம்.

தயிர்சாதம் சாப்பிட்டோம். அவர் இடது கையால், ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டார். "வலது கைக்கு என்னங்க?" என்றாள் நாகமணி. "சுளுக்கு" என்றார். "பெரிய சுளுக்குத்தான்" என்றாள் அவள், கிண்ணத்தைப் பார்த்தபடி. பஸ் வந்தது. ஏறினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் வேறு பக்கம் திரும்பியிருப்பேன்.

சக்கரம் நிஜமாகவே ஆறும்வரை செக்போஸ்ட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தனியாக மலையேறினேன். வியூ பாயிண்டில் ஒருவரும் இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் ஜன்னலைத் திறந்தேன். மேகம் வந்தது, சர்க்கரை போட்டது. ரேடியோ முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். வெந்நீர் முழுதும் எனக்கே.

ஜீப் ஸ்டாண்டில் கேட்டார்கள், அன்று கீழே என்ன ஆயிற்று என்று. கடைசி நாலு வளைவுகளை இரண்டு சக்கரத்தில் கடந்ததையும், வரையாடு ஒன்று கொம்பால் முட்டி வண்டியை ரோட்டுக்குத் திருப்பிவிட்டதையும், செக்போஸ்ட்டில் எனக்கு மாலை போட்டதையும் சொன்னேன். நாலாவது டீயில் சிறுத்தையும் வந்து சேர்ந்துகொண்டது. இனியும் மாவு மில் சத்தத்தோடுதான் இறங்கப்போகிறேனா என்று கேட்டான் ஒருத்தன். ஆமாம், அந்தச் சத்தம் கேட்டால் யானைகள் ஒதுங்கிக்கொள்ளும் என்றேன்.

இந்த நோட்டில் உள்ள எதையும் நீங்களும் நம்ப வேண்டியதில்லை. அன்னம் பொய். குரங்கின் கும்பிடு பொய். டேங்கில் பெட்ரோல் கூடியது பெரும்பொய். எதிரி நல்லவர் என்று எங்காவது தொனித்திருந்தால், அதுவும் என் கைத்தவறு.

பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்க அவர் வலது கையை விரித்தார். சக்கரத்து நட்டுகளின் அடையாளம் வட்டமாக, கொப்புளம் கொப்புளமாக, உள்ளங்கை முழுதும் இருந்தது. உடனே மூடிக்கொண்டு இடது கையால் பிடித்து ஏறினார். அந்த ஒன்று மட்டும் நிஜம்.